நர்சம்மாவின் வீட்டுக்காரர்

ஜனவரி 6

காலை பத்து மணிக்குப் பொங்கியண்ணன் வந்தார். கட்சியின் வார்டு செயலாளர். எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறார். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. "சார், ஒரு முக்கியமான விசயமுங்க, நேர்ல பேசோணும்" என்று நேற்றே போன் செய்திருந்தார். நகராட்சித் தேர்தல் வருகிறது. நான் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் கவுன்சிலராக வருவது ஊருக்கு நல்லதுதானா என்று யோசித்து, நல்லதுதான் என்ற முடிவுக்கும் வந்திருந்தேன்.

அவர் காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"நம்ம ஒம்பதாவது வார்டு இந்தத் தடவ பொம்பளைங்களுக்குப் போயிருச்சுங்க. நர்சம்மாவ நிறுத்தலாம்னு கமிட்டில அத்தன பேரும் சொல்றாங்க. சார் ஒரு வார்த்த செரின்னுட்டீங்கன்னா ஆச்சு."

ஒதுக்கீட்டுச் செய்தி பேப்பரில் வந்ததாம். என் கண்ணில் படவில்லை.

நர்சம்மா என்றால் என் மனைவி துளசிமணி. அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக இருந்தவள். இந்த வார்டில் பாதிப் பேருக்கு முதல் ஊசி போட்டது அவள்தான். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "தாராளமாக நிற்கட்டும்" என்று நான் சொன்னேன். அவள் பொங்கியண்ணனைப் பார்த்துக் கேட்டாள்:

"ஆத்தோரக் காலனிக்குள்ள ஓடுது பாருங்க ஒரு சாக்கட, அத கவுன்சிலர் நெனச்சா மூட முடியுங்களா?"

"விடாம கேட்டா முடியுமுங்க."

"அப்பச் செரி, நிக்கறேன்."

நான் அனுமதி கொடுத்ததை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜனவரி 9

நல்ல செய்தி. நான் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பிப்ரவரி 12 கருத்தரங்கில் சிறப்புரை நான். தலைப்பு 'விக்டோரியா கால நாவல்களில் விருந்தோம்பலும் அரசியலும்'. இதே பொருளில் நான் தொடங்கிய முனைவர் பட்ட ஆய்வு பாதியில் நின்று இருபத்திரண்டு வருடமாகிறது. அதைப் பரணிலிருந்து இறக்கினேன்.

எவ்வளவு அருமையான விஷயம். அந்த நாவல்களில் நாடாளுமன்றத்தில் நடப்பதைவிட உணவு மேசையில்தான் அரசியல் அதிகம். யார் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்பதைச் சீமாட்டி முடிவு செய்வாள். அதிலேயே ஒருவன் மந்திரியாவான், இன்னொருவன் காணாமல் போவான். தேர்தல் மாதத்தில் மட்டும் சீமானின் வீடு திறந்திருக்கும். கசாப்புக்காரரின் மனைவியோடு பிரபுவின் மகள் கைகுலுக்குவாள். ஓட்டு முடிந்ததும் கம்பளத்தைத் துவைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

துளசியைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினேன். "நல்லதுங்க" என்றாள். அதற்குள் வாசலில் யாரோ "நர்சம்மா" என்று கூப்பிட்டார்கள்.

ஜனவரி 15

பொங்கல் விடுமுறை என்றும் பார்ப்பதில்லை. காலை ஆறரைக்கு ஆள் வரத் தொடங்குகிறது. என் படிப்பு மேசையின்மேல் வாக்காளர் பட்டியல். என் சாய்வு நாற்காலியில் பூத் ஏஜெண்ட் ஒருவர். முப்பது வருடமாக ஞாயிறு மாலைகளில் இந்த முன்னறையில் என் சக பேராசிரியர்கள் மூன்று பேர் வந்து உட்காருவார்கள். நான் பேசுவேன், துளசி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். இப்போது அவள் நடுவில் உட்கார்ந்து தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எந்த வீட்டில் யாருக்கு நெஞ்சுவலி, எந்தப் பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவு பேசுவாள் என்று நான் நினைத்ததில்லை.

இன்று சமையலறையில் ஆள் இல்லாததால் நானே காபி போட்டுக் கொண்டுவந்தேன். பொங்கியண்ணன் தன் காபியில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, துளசியின் டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

"சார், இதுல சர்க்கர இருக்குதுங்களே. நர்சம்மா தீவாளிக்கே சர்க்கரய உட்டுட்டாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"சொல்ல மறந்துட்டனுங்க" என்றாள் துளசி. என்னிடமா, அவரிடமா தெரியவில்லை.

ஒரு வீட்டில் யாருக்குச் சர்க்கரை ஆகும், ஆகாது என்பதை வெளியாள் எதற்குத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. மற்றபடி அவர் நல்ல மனிதர்தான்.

ஜனவரி 21

காபி பதினெட்டுப் பேருக்கு. கட்டுரை இரண்டு பத்தி.

ஜனவரி 27

மனுத்தாக்கல் முடிந்தது. போஸ்டர் வந்துவிட்டது. பெரிய எழுத்தில் 'நர்சம்மா துளசிமணி'. கீழே 'உங்கள் வீட்டுப் பெண்'. என் பெயர் இல்லை. அதில் எனக்கு ஒன்றுமில்லை. 'நாச்சிமுத்து' சேர்த்தால் வரி நீளமாகிவிடும் என்று அச்சகத்தில் சொன்னார்களாம். ஆனால் வலது மூலையில் பொங்கியண்ணனின் படத்துக்கு இடம் இருந்திருக்கிறது.

மருந்துக்கடையில் ஒருவர் இன்னொருவரிடம் என்னைக் காட்டி, "நம்ம நர்சம்மா வீட்டுக்காரரு" என்றார். அந்தக் கடைக்காரரின் மகனுக்கு நான்தான் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தேன்.

பிப்ரவரி 2

பிரச்சார ஜீப் நம் தெரு வழியாகப் போயிற்று. மாடியிலிருந்து பார்த்தேன். துளசி பச்சைச் சேலையில் நின்றுகொண்டு கும்பிட்டாள். பக்கத்தில் மைக்கோடு பொங்கியண்ணன் ஏதோ சொன்னார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி என்ன சொல்லியிருப்பார்?

வந்ததும் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க, ஒரு கெழவி என்னயப் பாத்து ஊசி போடத்தான் வந்துட்டன்னு உள்ள ஓடீருச்சு" என்றாள். நான் சிரித்தேன். மாடியிலிருந்து பார்த்தபோது இதைவிடப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

ஒன்று மட்டும் கேட்டு வாங்கிவிட்டேன். 9ஆம் தேதி மாலை ஆறரை மணிக்கு என் கட்டுரையை முழுவதும் படித்துக் காட்டுகிறேன், உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றேன். "அன்னிக்கு வேற எதும் இல்லீன்னா கேக்கறனுங்க" என்றாள். பொங்கியண்ணனிடம் பேசி அன்று மாலை ஒன்றும் வைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8

துளசி வெளியே போயிருந்தபோது மாரக்காள் வந்தாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தவள். துளசியோடு இருபது வருடம் ஒரே வார்டில் இருந்தவள். ஆற்றோரக் காலனியில் இருக்கிறாள். வெயிலில் நடந்து வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசினாள்.

"நாளைக்குச் சாயந்தரம் ஆறரைக்கு நர்சம்மா எங்க ஊட்டுக்குச் சாப்பிட வரோணுமுங்க சார். ஓட்டுக் கேக்கறவங்க எல்லாம் வருவாங்க, கும்புடுவாங்க, போயிருவாங்க. ஒருத்தரும் ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டாங்க. நர்சம்மா அப்படி இல்லைன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. ஆனா சின்னப் பசங்களுக்குத் தெரியோணும் பாருங்க. காலனி முச்சூடும் சேர்ந்து கோழி அடிக்கறோம்."

போன் செய்திருக்கலாமே என்றேன்.

"சாப்பாட்டுக்குக் கூப்படறதப் போன்ல சொன்னா மரியாதயா இருக்குமுங்களா? அதுக்குத்தான் நேர்ல வந்தேன். சார் மறக்காம சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். என் அம்மா இருந்தவரை காலனி ஆட்கள் அந்த கேட்டைத் தாண்டியதில்லை. எனக்கு அந்த மாதிரி எண்ணம் எதுவும் கிடையாது. உள்ளே வா என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கிளம்பிவிட்டாள்.

துளசி எட்டு மணிக்கு வந்தாள். கால் வீங்கியிருந்தது. சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். பேசுவதற்கு நேரமில்லை.

பிப்ரவரி 9

நிறைவான மாலை. சரியாக ஆறரைக்குத் துளசி என் எதிரே உட்கார்ந்தாள். கவனம் கலையக் கூடாது என்று போனை அணைத்துவிடச் சொன்னேன். அணைத்தாள். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் படித்தேன். தூங்கவில்லை, ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை. ரகசிய வாக்கெடுப்பு வருவதற்கு முன் வாக்காளர்களுக்கு வேட்பாளர்கள் பீரும் மாட்டிறைச்சியும் வாங்கிக் கொடுத்த பகுதியைப் படித்தபோது முன்னால் சாய்ந்து கேட்டாள். கலியாணமான புதிதில் அப்படி உட்காருவாள்.

முடித்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க. அத்தன பேர் உக்காந்து சாப்படறாங்களே, அந்த மேசையத் தொடச்சவங்க, பரிமாறினவங்க எல்லாம் எங்க சாப்பிட்டாங்க? அதயும் அந்தக் கதைங்கள்ல எழுதியிருக்குதுங்களா?"

கீழ்த்தளத்தில் அவர்களுக்குத் தனி அறை உண்டு என்றேன். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நாளை சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 10

காலை ஏழு மணிக்கே பொங்கியண்ணன் வந்துவிட்டார். உட்காரவில்லை.

"என்னுங் நர்சம்மா, இப்படிப் பண்ணிப்போட்டீங்க? காலனில நேத்து எல பரப்பி ஒம்பதரை வரைக்கும் காத்திருந்திருக்காங்க. போன் போட்டா அணச்சு வெச்சிருக்குது. அப்புறம் எடுத்து நாய்க்குப் போட்டாங்களாம். சாருகிட்ட நேர்ல வந்து சொன்னேன்னு மாரக்கா சொல்லுது."

துளசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். குக்கர் ஒரு விசில் விட்டது.

"ஆமாங்க, சார் சொன்னாரு" என்றாள். "நாந்தான் மறந்துட்டேன்."

"நீங்களா மறந்தீங்க?"

"வயசாகுதுல்லீங்க."

அவர் போனபிறகு என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "இன்னும் ரெண்டு விசில் வந்தா எறக்கிருங்க." செருப்பைப் போட்டுக்கொண்டு காலனிக்குப் போய்விட்டாள்.

மதியம் வந்தாள். முகம் கறுத்திருந்தது. அங்கே நடந்ததைப் பொங்கியண்ணன் மூலமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாரக்காளின் மகன் தனபால் துளசியிடம், "சோறு மறந்துருச்சு, ஓட்டு ஞாபகம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டானாம். மாரக்காள் உள்ளே போய்விட்டாளாம்.

பிப்ரவரி 11

துளசி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 12

காலை எட்டு மணிக்குக் காலனி பக்கம் நடந்தேன். மாரக்காளைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று எண்ணம். டீக்கடை வரை போனேன். காலனிப் பையன்கள் நான்கைந்து பேர் அங்கே நின்றிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. கல்லூரியிலிருந்து பத்து மணிக்குக் கார் வருவதாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

உரை நன்றாக அமைந்தது. தொண்ணூறு பேர் இருப்பார்கள். சீமான் வீட்டுக் கதவு தேர்தலுக்குப் பிறகு சாத்தப்படும் இடத்தில் கைதட்டல். வேலைக்காரர்கள் எங்கே சாப்பிட்டார்கள் என்ற கேள்வியையும் எழுப்பினேன். அது மிகவும் புதிய கோணம் என்று முதல்வர் பாராட்டினார். சால்வை போர்த்தினார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டது யார் என்று சொல்லச் சந்தர்ப்பம் அமையவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. சால்வையை நாற்காலியின்மேல் போட்டு வைத்தேன். அது நாளை வாக்காளர் பட்டியலுக்கு அடியில் போய்விடும்.

பிப்ரவரி 17

வாக்குப்பதிவு. காலையிலேயே போட்டுவிட்டேன். துளசிக்குத்தான் போட்டேன். இதை எழுதவேண்டிய அவசியம் இல்லை, எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 20

பத்தொன்பது ஓட்டில் தோற்றாள்.

காலனி பூத்தில் குறைந்தது நூறு வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தது இருபத்தாறு. எதிர்த்து நின்ற காண்டிராக்டரின் மனைவிக்கு அந்தத் தெருக்களின் பெயர்கூடத் தெரியாது.

பொங்கியண்ணன் முன்னறையில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார். துளசி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். "உடுங்க அண்ணா, ஆஸ்பத்திரில பாக்காத சாவா" என்றாள். அவரை அவள் அண்ணா என்று கூப்பிடுவது இன்றுதான் என் காதில் விழுந்தது. தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறாளாம்.

பிப்ரவரி 21

மேசை என்னிடம் வந்துவிட்டது. நாற்காலியும். வாசலில் செருப்பே இல்லை.

பிப்ரவரி 23

ஞாயிற்றுக்கிழமை. நண்பர்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். சிறப்புரையைப் பற்றிப் பேசினோம். துளசி காபி கொண்டுவந்தாள். எங்கள் நான்கு பேருக்கும் வைத்துவிட்டுப் பழையபடி உள்ளே போனாள். ஒன்றரை மாதமாக நான் எதிர்பார்த்திருந்த காட்சி. காபியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

வரலாற்றுத் துறை வேலுச்சாமி சொன்னார்: "முப்பத்து நாலு வருசம் ஊசி போட்டவங்களுக்கே ஓட்டுப் போடல பாருங்க. அந்த ஜனங்களுக்கு நன்றியே கிடையாது."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவர்கள் போனதும் உள்ளே போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாரக்காள் வந்து சொன்னதை நான் மறக்கவில்லை. வேண்டுமென்றுதான் சொல்லவில்லை" என்றேன்.

"தெரியுமுங்க."

"எப்படி?"

"போன அணைக்கச் சொன்னீங்க. இத்தன வருசத்துல ஒரு நாள் சொன்னதில்ல."

"பின்னே ஏன் கேட்கவில்லை?"

"கேட்டா மறந்துட்டேன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் அந்தப் பொய்யோட நான் ஒரே ஊட்டுல இருக்கோணும். அதுக்குப் பேசாம இருந்தறலாம்னு உட்டுட்டேன். ஆனா எதுக்குப் பண்ணுனீங்கன்னுதான் புரியல."

விருந்தோம்பலைப் பற்றி ஆங்கிலத்தில் மூன்று அத்தியாயம் எழுதியவன். தமிழில் ஒரு வார்த்தை வர வெகு நேரமாயிற்று.

"பொறாமை."

"யாரு மேல? பொங்கியண்ணன் மேலயா?"

"அவர்மேலும் கொஞ்சம். உன்மேல்தான் அதிகம்."

அவள் கீரைத் தண்டை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன்.

"அத எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுதுங்க?" என்றாள். "காத்திருந்தது நானில்ல. அங்க வந்து சொல்லுவீங்களா?"

பிப்ரவரி 26

இன்று மாலை ஐந்து மணிக்குத் துளசியோடு காலனிக்குப் போனேன். இந்த ஊரில் அறுபத்து மூன்று வருடம் இருந்திருக்கிறேன். அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. சாக்கடை வீட்டு வாசல்களை ஒட்டி ஓடுகிறது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு கல்பலகை. மாரக்காளின் வீட்டுக்கு முன்னால் இருபது பேர் கூடிவிட்டார்கள்.

வகுப்பில் முப்பத்தோரு வருடம் பேசியிருக்கிறேன். இங்கே வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. மாரக்காள் என்னிடம் சொன்னதை நான் துளசியிடம் சொல்லவில்லை, அவள் மறக்கவில்லை, என்னைக் காப்பாற்றத்தான் மறந்ததாகச் சொன்னாள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"எதுக்கு சார்?" என்று தனபால் கேட்டான். நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை செய்கிறான். முப்பது வயதிருக்கும்.

"எல்லோரும் அவளைத் தேடி வந்தார்கள். என்னை யாரும் தேடவில்லை. அன்றைக்கு ஒரு மணி நேரம் அவள் என்னிடம் உட்கார வேண்டும் என்று நினைத்தேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தனபால் சிரிக்கவில்லை.

"உங்க ஒரு மணி நேரத்துக்கு எங்களுக்கு அஞ்சு வருசம் போச்சுங்க சார்" என்றான். காலால் கல்பலகையைத் தட்டிக் காட்டினான். "இது இப்படியே கெடக்கும். போன மழைக்கு எங்க அக்கா புள்ள இதுல உழுந்து எடுத்தோம். நர்சம்மாதான் உசுரக் காப்பாத்துனாங்க."

எனக்குத் தெரியாது. துளசி வீட்டில் சொன்னதில்லை. அல்லது சொல்லி, நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

மாரக்காள் துளசியின் கையைப் பிடித்தாள். "நானும் உங்கள நம்பாமப் போயிட்டன், நர்சம்மா" என்றாள். பிறகு மாரக்காள் என் பக்கம் திரும்பினாள்.

"நர்சம்மா சாப்பிட்டுட்டு வரட்டுமுங்க. சார், நீங்க இன்னொரு நாளைக்கு வாங்க. பசங்களுக்கு ஆறட்டும்."

"சரி" என்றேன். துளசி எனக்காக ஏதாவது பேசுவாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவள் குனிந்து உள்ளே போனாள். நான் தனியாகத் திரும்பி நடந்தேன்.

ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழே முக்காலுக்கு அவள் வந்தாள். என்ன செய்திருந்தார்கள் என்று கேட்டேன்.

"களியும் கோழிக்கொழம்பும்."

"நன்றாக இருந்ததா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க." கால் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்குக் காத்தால காலனிக்காரங்க வர்றாங்க. சாக்கடைக்கு மனுக் குடுக்கப் போறோம், கவுன்சிலரா இல்லீன்னா என்ன. நீங்க எழுதிக் குடுங்க. நாங்க சொல்றத எழுதுனாப் போதுமுங்க, ரொம்ப அலங்காரமெல்லாம் வேண்டாம்."

"எத்தனை பேர்?"

"தனபாலோட சேத்து ஏழு பேர்."

முன்னறையில் துளசிக்கும் சேர்த்து எட்டு நாற்காலி போட்டுவிட்டேன். என் சாய்வு நாற்காலி இடத்தை அடைத்தது. அதை மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். எழுதுவதற்கு எனக்கு ஸ்டூல் போதும். தனபால் என் எதிரே உட்காருவான். என்ன பேசுவது என்று தெரியவில்லை.